இடது பக்கம் அரை விரல்

நாற்காலி மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே போனது. மிதியை அழுத்திப் பிடித்தால் புஸ்ஸென்று மூச்சு விட்டபடி கீழே போகும் சுழல் நாற்காலி அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் உட்காருபவர்களின் தலை அண்ணியின் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. இப்போது வயிற்றுக்கு வந்துவிட்டது. உயரமான பெண்கள் முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கவாட்டில் மடக்கிக்கொண்டார்கள்.

“இன்னும் இறக்கினீங்கன்னா நான் தரையிலேயே உட்கார்ந்துடுவேன் அண்ணி,” என்றார் கணக்கு டீச்சர்.

“தரையில உட்கார்ந்தாலும் நீங்க எனக்கு மேலதான் இருப்பீங்க டீச்சர்.”

எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கடையைத் தொடங்கிய நாளிலிருந்து கூட வேலை செய்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் ஒரே தங்கை. அவள் வாய்க்கு வாய் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டதில் வாடிக்கைப் பெண்களுக்கும் அதுவே பழகிவிட்டது. வாசல் கண்ணாடியில் அழகாக எழுதிய பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. அண்ணி கடை, அவ்வளவுதான்.

அண்ணி டீச்சரின் பின்கழுத்தில் ஈர முடியைச் சீப்பால் இழுத்து நேராக்கினாள். வலது முழங்கையை உயர்த்தினாள். வந்தது.

எப்போதும் இருக்கிற வலியாக இருந்தால் பரவாயில்லை, அதோடு குடும்பம் நடத்தியிருக்கலாம். இது அப்படியில்லை. கை தொங்கும்போது ஒன்றுமே இல்லை. முழங்கை இடுப்பை விட்டுக் கிளம்பி மார்பை நோக்கி ஏறும்போது, தோளின் உச்சியில் கதவிடுக்கில் விரலை வைத்து நசுக்கியதுபோல் ஒரு கடி. தலைக்கு மேல் போய்விட்டால் மறுபடி நிம்மதி. ஆனால் முடி வெட்டுகிறவளுடைய பிழைப்பு முழுக்க அந்த நடுவில்தான் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். வெட்டி முடித்துச் சீப்பை வைப்பதற்குள் நாத்தனார் டிரையரோடு வந்து நின்றாள்.

“குடுங்க, நான் காய வைக்கறேன். உங்களுக்கு போன் வந்துச்சு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“வந்துச்சு அண்ணி. போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தால் போனில் ஒன்றும் இருக்காது. அண்ணிக்கு அது புதிதில்லை. ஒன்றரை வருஷமாக இப்படித்தான். வெட்டுவது அவள், முடித்து வைப்பது நாத்தனார். டிரையர் கனமாக இருக்கிறது, விட்டது தொல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ஒரு நாள் கவனித்தாள். எழுந்திருக்கப்போகும் பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பாள் அல்லவா, அது அவளுக்குப் பின்னால் யார் முகம் தெரிகிறதோ அந்த முகத்துக்குப் போய்ச் சேர்கிறது. உழைப்பு ஒருத்தியுடையது, சிரிப்பு இன்னொருத்திக்கு. இதை வெளியே சொன்னால் சின்னப் புத்தி என்பார்கள். சொல்லவில்லை. உள்ளுக்குள் வைத்துப் பத்திரமாக வளர்த்தாள்.

ஊசி இரண்டு தடவை போட்டாயிற்று. உடற்பயிற்சி ஆறு மாதம் ஆயிற்று. ஒரு நாள் கூந்தலைச் சுற்றிக் கிளிப் போடத் தன் கையே தன் தலைக்கு எட்டவில்லை. அன்றைக்குத்தான் கணவனோடு அறுவை சிகிச்சை டாக்டரிடம் போனாள்.

டாக்டர் பெண். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. காதுக்கு மேல் யாரோ அவசரத்தில் கத்தரியை இழுத்திருக்கிறார்கள் என்று அண்ணி பார்த்தவுடன் முடிவு செய்தாள். அந்த முடிவு அவளுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். “தோளுக்கு மேல ஒரு எலும்பு, கூரை மாதிரி. அதுக்கு அடியில கையைத் தூக்கற தசைநார் போகுது. உங்களுக்கு அந்தக் கூரையோட அடிப்பக்கம் சின்னதா கொம்பு மாதிரி எலும்பு வளர்ந்திருக்கு. கையைத் தூக்கறப்பல்லாம் நார் அதுல உரசுது. இன்னும் கிழியல. அது நல்ல விஷயம்.”

“கிளியரன்ஸ் இல்ல, இடைவெளி பத்தல,” என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எது கெட்டாலும் லிஃப்ட் கெட்ட கணக்கில்தான் பார்ப்பான்.

“அதேதான்,” என்றார் டாக்டர். “திறந்து பண்ண வேண்டாம். ரெண்டு மூணு துளை, சட்டைப் பொத்தான் போற அளவு. ஒண்ணுல கேமரா, ஒண்ணுல கருவி. உள்ள போய் அந்தக் கொம்பைச் சீவிட்டு வந்துடுவோம்.”

“அப்புறம் எத்தனை நாள்ல வெட்டலாம்?” என்றாள் அண்ணி.

“என்ன வெட்ட?”

“முடி.”

“கழுத்துல மாட்டற கை தொட்டில் ஒரு வாரம், ரெண்டு வாரம். சின்ன வேலையெல்லாம் ஆறு வாரத்துல வந்துடும். ஆனா கையைத் தூக்கி வெச்சு நாள் முழுக்கச் செய்யற வேலைன்னா மூணு மாசம் வெச்சுக்குங்க. அதுவும் பயிற்சியை ஒழுங்கா பண்ணினா. பெரும்பாலும் நல்லா வரும். எல்லாருக்கும் முழுசா வரும்னு எழுதிக் குடுக்க மாட்டேன்.”

மூன்று மாதம். ஜன்னலோரத்து முதல் நாற்காலி, வெளிச்சம் நேராக விழுகிற இடம், மூன்று மாதம் நாத்தனாரிடம். திரும்பி வரும்போது அது தன்னுடையதாக இருக்குமா என்று அவள் யோசித்தாள். கத்தி, மயக்க மருந்து எதற்கும் அவள் பயப்படவில்லை. வழி நெடுக அந்த நாற்காலியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

“நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க அண்ணி. ஒரு ஆள் கூட வேற கடைக்குப் போகாம பாத்துக்கறேன்,” என்றாள் நாத்தனார்.

“அதான் பயமே,” என்றாள் அண்ணி. நாத்தனார் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

அறுவை சிகிச்சை காலையில் நடந்தது. கழுத்தோரம் ஓர் ஊசி போட்டுக் கையை மரக்க வைத்தார்கள், பிறகு தூங்க வைத்தார்கள். கண் விழித்தபோது மதியம். தோளில் ஒரு கட்டு, அதற்குக் கீழே கை தொட்டிலில் யாரோ ஒருவருடைய கை. வெதுவெதுப்பாக, கனமாக, ஒரு தொடர்பும் இல்லாமல். இடது கையால் அதன் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். தொடுவது தெரிந்தது, தொடப்படுவது தெரியவில்லை. நகத்தடியில் போன வாரத்துச் சாயம் இன்னும் இருந்தது. இருபத்து மூன்று வருஷம் வீட்டுக்குச் சோறு போட்ட கை. அதை அவள் ஒரு நாள் கூடச் சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் மூக்குக்கண்ணாடியைப் போல அதைப் பார்த்தாள்.

“வந்துடுமா?” என்றாள்.

“மரப்புதானே, நாளைக்குக் காலையில வந்துடும்,” என்றான் கணவன். “டாக்டர் வீடியோ காட்டினாங்க. உள்ள வெள்ளையா பஞ்சு மாதிரி. ஒரு சின்ன அரைக்கற மெஷின். லிஃப்ட்டுல கவுன்டர்வெயிட் உரசற இடத்தை நாங்க தேய்ச்சு விடுவோம்ல, அதே வேலை. நல்ல கை அந்த அம்மாவுக்கு.”

“முடிதான் நல்லா வெட்டிக்கல.”

“மயக்கத்துலயும் இது தேவையா உனக்கு?”

மறுநாள் கை திரும்பி வந்தது. வலியும் கூடவே வந்தது, ஆனால் இது வேறு வலி. புண்ணின் வலி. ஆறுகிற வலி.

பிறகு பயிற்சி. முதலில் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மணிக்கூண்டு ஊசல் மாதிரி ஆட்ட வேண்டும். பிறகு சுவரில் விரல்களை நண்டு போல நடத்தி மேலே ஏற்ற வேண்டும். பிசியோதெரபி அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பருத்த உடம்பு, பஞ்சு போன்ற கை, கறாரான வாய்.

“எங்க, தூக்குங்க பாக்கலாம்.”

அண்ணி தூக்கினாள். சுவரில் பென்சிலால் போட்டிருந்த நேற்றைய கோட்டைத் தாண்டிவிட்டாள். பெருமையாகத் திரும்பினாள்.

“இது கையைத் தூக்கினது இல்ல. தோளைக் காதுக்குத் தூக்கிட்டு, கழுத்தைச் சாய்ச்சு, கூடவே கை வந்திருக்கு. ஏமாத்து வேலை. இறக்குங்க.”

“நான் ஏமாத்தலைங்க.”

“நீங்க இல்ல, உங்க உடம்பு. ரெண்டு வருஷமா வலியைத் தாண்டறதுக்கு அது ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்கு. உள்ள எலும்பைச் சீவியாச்சு, கதவு திறந்திருக்கு. ஆனா உங்க உடம்பு இன்னும் ஜன்னல் வழியாவே குதிச்சு வருது.”

தோளை இறக்கிச் சரியாகத் தூக்கியபோது கோடு நான்கு விரல் கீழே இறங்கியது. அண்ணிக்கு அழுகை வந்தது. அங்கே அழவில்லை, பஸ்ஸில் அழுதாள்.

ஐந்தாவது வாரம் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கடைக்குப் போனாள். கை தொட்டில் போய்விட்டிருந்தது. கையைத் தூக்கி வேலை செய்யக்கூடாது, அவ்வளவுதான். வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து போனை எடுத்து நேரம் கொடுத்தாள். ஜன்னலோரத்தில் நாத்தனார் வெட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலி உயரத்தில் இருந்தது. கணக்கு டீச்சர் கால்களை ஒழுங்காக நீட்டி உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார் வெட்டி, துணியை உதறி, டிரையரை எடுத்தாள்.

“அட, முடிஞ்சுதா?” என்றார் டீச்சர். “இன்னிக்கு ஒரே தடவைதானா? எப்பவும் அண்ணி வெட்டினப்புறம் நீ வலது பக்கம் ஒரு தடவை வெட்டுவியே.”

நாத்தனார் டிரையரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் பேச்சு அமுங்கிவிடும் என்று நினைத்திருப்பாள். டீச்சருக்கு வகுப்பறைக் குரல்.

“அதனாலதான் நான் ஒரு இஞ்ச் குறைக்கச் சொன்னா ஒன்றரை இஞ்ச் போகும். வீட்டுல அளந்தே பாத்தேன். அண்ணி ஒண்ணு, நீ அரைன்னு நினைச்சுப்பேன்.”

அண்ணி கையிலிருந்த போனை மேசைமேல் வைத்தாள். டீச்சர் போகும்போது வழக்கம் போல் பேசினாள், சிரித்தாள். கதவு மூடியதும் எழுந்து அதன் தாழ்ப்பாளைப் போட்டாள்.

“எத்தனை நாளா?”

“எதைக் கேக்கறீங்க?”

“நடிக்காதே. கோணலா வெட்டினேனா நான்?”

நாத்தனார் சீப்பிலிருந்து முடியை உருவிக்கொண்டே இருந்தாள். சீப்பில் முடி இல்லாமல் போன பிறகும் உருவினாள்.

“இடது பக்கம் ஏறிடும் அண்ணி. உங்க முழங்கை இறங்கிடுதுல்ல, கத்தரி மூக்கு மேல பாக்குது. வெட்ட வெட்டக் கோடு இடது பக்கமா ஏறுது. அரை விரல் இருக்கும். ஒரு நாள் முக்கால்.”

“எல்லாருக்குமா?”

“நேரா வெட்டற எல்லாருக்கும். ஒன்றரை வருஷமா.”

“இத்தனை நாள் ஏன் சொல்லல?”

“கையைக் காட்டுங்கன்னு நாயாக் கத்தினேனே. கடையைப் பிடுங்கப் பாக்கறியான்னு கேட்டீங்க.”

“கை வேற. வெட்டு கோணுதுன்னு சொன்னியா?”

“இல்ல.” நாத்தனார் நிமிர்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் உறுதியாக இருந்தது. “சொன்னா நீங்க கத்தரியைக் கீழ வெச்சுடுவீங்க. அது ஒரு பயம். இன்னொண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். எனக்கு அதுல ஒரு சந்தோஷம் இருந்துச்சு அண்ணி. வர்றவங்க எல்லாம் உங்களைத்தான் கேப்பாங்க. ஆனா உங்க வெட்டை நான் சரி பண்றேன்னு எனக்கு மட்டும் தெரியும். அதை விட மனசு வரல.”

அண்ணி தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வெளியே போனாள்.

இரண்டு நாள் பயிற்சி செய்யவில்லை. வீட்டுச் சுவரிலும் போட்டு வைத்திருந்த பென்சில் கோடுகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. துரோகம் என்ற சொல்லை எடுத்துப் பார்த்தாள், அது இங்கே பொருந்தவில்லை. சரி, பொறாமையா என்று பார்த்தாள். அது யாருடையது என்பதில்தான் சிக்கல் வந்தது. போனைப் பார்க்கப் போகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் தான் உள்ளுக்குள் வளர்த்த கசப்பு ஒருபக்கம். அதே நிமிஷத்தில் அங்கே ஒருத்தி யாருக்கும் தெரியாமல் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம். கொஞ்சம் குளிர் காய்ந்துகொண்டே காப்பாற்றினாள். இருக்கட்டும். தானாக இருந்தால் காப்பாற்றியிருப்போமா? இந்தக் கேள்விக்கு அவளால் உடனே ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

அதற்குக் கீழே இன்னொரு பயம் இருந்தது. கோணியது தனக்கு ஏன் தெரியவில்லை? கை பொய் சொல்லியிருக்கலாம். கண்ணுமா? தோள் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். கண்ணைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

“பண்ணலியா?” என்றான் கணவன், சுவரைக் காட்டி.

“எதுக்கு? நேரா எதுன்னே தெரியாதவளுக்குக் கை வந்து என்ன ஆகப்போகுது?”

அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “எதுக்கெடுத்தாலும் லிஃப்ட்டான்னு திட்டாதே. ஒரு கட்டடத்துல லிஃப்ட் வருஷக்கணக்கா மாடிக்கு ரெண்டு விரல் கீழ நின்னுச்சு. அங்க இருக்கறவங்க எல்லாரும் பாக்காமலே காலைத் தூக்கி வெச்சு இறங்குவாங்க. நான் சரி பண்ணினேன். அடுத்த ஒரு வாரம் அத்தனை பேரும் தடுக்கினாங்க. லிஃப்ட்டு சரியாயிடுச்சு, கால்தான் பழைய கணக்குல இருந்துச்சு. என்னைத் திட்டாத ஆள் இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, பழகிட்டாங்க.”

அடுத்த தடவை பிசியோதெரபி அம்மாவிடம் தானாகவே சொன்னாள், எதையும் மறைக்காமல். நேராக இருப்பது எனக்கு நேராகத் தெரியவில்லை என்று. அந்த அம்மா அவளைக் கண்ணாடி முன் நிறுத்தினார்.

“சும்மா நில்லுங்க. நேரா.”

நின்றாள்.

“நேரா நிக்கறீங்களா?”

“ஆமா.”

அம்மா இரண்டு கைகளாலும் அவள் தலையைப் பிடித்து மெல்ல இடது பக்கம் நகர்த்தினார். கொஞ்சம்தான். அண்ணிக்குத் தலை கீழே விழப்போவது போல் இருந்தது.

“இதுதான் நேர். நீங்க வலது பக்கம் சாய்ச்சே வெச்சிருந்தீங்க. தலை சாய்ஞ்சா கண்ணும் சாயும். கண்ணுல கோளாறு இல்லம்மா, கழுத்துலதான்.”

அன்றிலிருந்து அவள் இரண்டு வேலை செய்தாள். கை ஏற வேண்டும், கழுத்து ஏறக்கூடாது. நாத்தனாரிடம் பேச்சு வார்த்தை திரும்பியது, முதலில் வேலைக்குத் தேவையான அளவுக்கு. “துண்டு தீந்துபோச்சு.” “நாளைக்குப் பதினோரு மணிக்கு ரெண்டு பேர்.” ஒரு நாள் நாத்தனார் தேநீர்க் கோப்பையை அண்ணியின் வலது பக்கம், அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். வேண்டுமென்றேதான். அண்ணி முறைத்தாள். பிறகு கையை நீட்டி எடுத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“கொழுப்புடி உனக்கு.”

“பயிற்சி அண்ணி, பயிற்சி.”

பதின்மூன்றாவது வாரம், கடைக்கு விடுமுறை நாள். டாக்டர் தோளை எல்லாப் பக்கமும் சுழற்றிப் பார்த்துவிட்டு, மெல்ல ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருந்தார். நாத்தனார் முடியை நனைத்துக்கொண்டு வந்து ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“முதல் பலி நான்தான். கழுத்தளவுக்கு, நேரா. லேயர் அது இதுன்னு போட்டுக் கோணலை மறைக்கப் பாத்தீங்க, விட மாட்டேன்.”

“வாயை மூடிட்டு உட்காரு. காது போயிடும்.”

அண்ணி ஈர முடியைச் சீப்பால் இழுத்தாள். முழங்கையை உயர்த்தினாள். இடுப்பைத் தாண்டியது. விலாவைத் தாண்டியது. வழக்கமான இடம் வந்தது. பல்லைக் கடிக்கத் தயாரானாள். ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில் வெறும் இடம்தான் இருந்தது. கை காற்றில் மிதந்துகொண்டு, கத்தரி தரைக்கு இணையாகப் படுத்து, அவள் சொல்வதற்காகக் காத்திருந்தது.

வெட்டினாள். மெல்ல, ஒவ்வொரு வெட்டுக்கும் நிறுத்தி. பாதி வழியில் தோள் களைத்தது, இறக்கி ஓய்வு கொடுத்தாள், மறுபடி உயர்த்தினாள். முடி வெள்ளைத் துணிமேல் விழுந்தது. முடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். கோடு நேராக இருந்தது. மனசு துள்ளியது.

நாத்தனார் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள், “எப்படி வந்திருக்கு?”

“நல்லா…” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். கழுத்து. தன் கழுத்தை மறந்துவிட்டாள். வேலையில் மூழ்கியதும் அது பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பிசியோதெரபி அம்மாவின் இரண்டு கைகளும் தன்னைப் பிடித்து நகர்த்துவதாக நினைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள், விழப்போவது போல் தோன்றுகிற அந்த இடம் வரைக்கும்.

கோடு அவள் கண்ணெதிரில் சாய்ந்தது. இடது பக்கம் ஏறியிருந்தது.

நாத்தனார் கையை நீட்டிக் கத்தரியை வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் நாத்தனார் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தன் பிடரி அவளுக்குத் தெரியாது. இந்த அறையில் அது தெரிந்தது ஒரே ஒருத்திக்குத்தான். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக யாரும் சொல்லாமல், யாரும் திருத்தாமல், அவளாகப் பார்த்துவிட்டாள்.

“கோணிடுச்சு,” என்றாள் அண்ணி. அவள் குரலில் சந்தோஷம் இருந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

“என்னது?”

“இடது பக்கம் ஏறியிருக்கு. அரை விரல் கூட இல்ல, கால் விரல்தான். எனக்குத் தெரியுதுடி. நல்லாத் தெரியுது!”

“என் முடியைக் கோணலா வெட்டிட்டு இவ்வளவு குஷியா ஒருத்தங்க சொல்லி நான் கேட்டதே இல்ல.”

“அசையாதே. வலது பக்கம் எடுத்துடறேன்.”

“எடுங்க எடுங்க. டீச்சருக்கு ஒன்றரை வருஷமா போனது எனக்கும் போகட்டும்.”

நாத்தனாரின் தோள் குலுங்கியது. அண்ணிக்கும் அடக்க முடியவில்லை. கத்தரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

“சிரிக்காதேடி. நீ ஆடினா கோடும் ஆடும்.”

“நீங்க முதல்ல நிறுத்துங்க.”

இருவரும் ஓய்கிறவரை காத்திருந்தாள். பிறகு கழுத்தை நேராக்கினாள், சீப்பை வலது பக்கம் வைத்தாள், கையைத் தூக்கினாள்.